கூடலூர்ப் பட்டறைக்கு பிளாஸ்மா கட்டர்: காற்றும் எர்த்தும் சரியா?

கூடலூரில் வெல்டிங் பட்டறை நடத்தும் ஒருவர் பிளாஸ்மா கட்டர் வாங்கலாமா என்று கேட்டால், முதலில் உங்கள் கம்ப்ரஸரையும் எர்த் குழியையும் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். இயந்திரத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. கடையில் நம் முன்னால் வைப்பது ஒரு பெட்டி, ஒரு டார்ச், ஒரு எர்த் கிளாம்ப். அங்கே வெண்ணெய் மாதிரி வெட்டிக் காட்டிய அதே பெட்டி இங்கே வந்து எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பது அதற்குள் போகும் காற்றையும், அதற்கு வரும் கரண்டையும், அதிலிருந்து பூமிக்கு இறங்கும் கம்பியையும் பொறுத்தது.

நான் ஓட்டிப் பார்த்தது 40 ஆம்பியர், சிங்கிள் பேஸ், இன்வெர்ட்டர் வகை. கூடலூரில் நெடுநாளாகப் பழக்கமான ஒரு பட்டறை அண்ணனிடம் இருக்கிறது. இதே அமைப்பைப் பல கம்பெனிகள் பல நிறங்களில் விற்கின்றன. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இங்கே எழுதுவது இந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

முதலில் அது எதற்கு உதவுகிறது என்று பார்த்துவிடலாம். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் லோயர் கேம்ப்பில் தொடங்கி கூடலூர் வழியாகத்தான் கீழே போகிறது. ஆகவே தொழி உழவுக்கான கேஜ்வீல், டிராக்டர் டிரெய்லர், ரோட்டவேட்டர் தகடு என்று பட்டறைக்கு வேலை வந்துகொண்டே இருக்கும். மேட்டில் திராட்சைப் பந்தல், அதற்கு மருந்தடிக்கும் வண்டிகள். மலைக்கு மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்குத் தகர வேலை. ஊருக்குள் கேட், கிரில், ஷட்டர், மாடிக்கு ட்ரஸ். இப்போது எஸ்எஸ் கைப்பிடி கேட்காத வீடே இல்லை.

இதையெல்லாம் இதுவரை இரண்டு வழியில் வெட்டினோம். ஒன்று ஏஜி-4 கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு அறுப்பது. நேர்கோட்டுக்கு அது போதும். வளைவு என்றால் தடுமாறும். மற்றது கேஸ் கட்டிங். அதில் ஆக்ஸிஜன் இரும்பை எரித்து வெட்டுகிறது. எஸ்எஸ் அப்படி எரியாது. அதிலுள்ள குரோமியம் மேலே ஓர் ஏடு போட்டு எரிவதைத் தடுத்துவிடும். அலுமினியமும் அப்படியே. பிளாஸ்மா எரிப்பதில்லை, உருக்கி ஊதித் தள்ளுகிறது. மின்சாரம் பாயும் எந்த உலோகமும் அதற்கு ஒன்றுதான். சிலிண்டர் தீர்ந்து, மாற்று வரும்வரை கைகட்டி உட்கார வேண்டியதும் இல்லை.

வெட்டிப் பார்த்ததில், 3 மி.மீ. எஸ்எஸ் தகட்டில் கோடு சுத்தமாக விழுந்தது. வெட்டு அகலம் ஒன்றரை மி.மீ. அளவுதான், பக்கவாட்டில் தகடு நெளியவில்லை. கேஸில் வெட்டியிருந்தால் மெல்லிய எம்எஸ் தகடு அப்பளமாகச் சுருண்டிருக்கும் இடத்தில், இதில் வெட்டிய சற்று நேரத்தில் கையுறையோடு எடுத்து வைக்க முடிந்தது. 6 மி.மீ. எம்எஸ் பிளேட்டில் கேஜ்வீல் பட்டைக்கான வளைவை அட்டை மாதிரியை ஒட்டி ஒரே இழுப்பில் எடுக்கலாம். 10 மி.மீ.க்கு வந்ததும் கை மெதுவாகிறது, அடியில் கசடு தொங்குகிறது, கிரைண்டர் வேலை கூடுகிறது. 12 மி.மீ.யைத் துண்டாக்கலாம்; அந்த விளிம்பை அப்படியே வெல்டிங்குக்குக் கொடுக்க மனம் வராது. அட்டைப்பெட்டியில் எவ்வளவு பெரிய எண்ணை அச்சிட்டிருந்தாலும், 40 ஆம்பியரை 8 மி.மீ.க்கு உள்ள இயந்திரம் என்றே கணக்கு வையுங்கள். 20 மி.மீ.க்கு மேல் எம்எஸ் வெட்டுகிறவர் கேஸ் செட்டை விற்கவேண்டாம்.

வேலை செய்யும் விதம் இதுதான். டார்ச்சின் உள்ளே தாமிர எலக்ட்ரோடு, அதைச் சுற்றிக் காற்றைச் சுழற்றிவிடும் வளையம், முன்னால் ஊசித்துளை உள்ள நாசில். எலக்ட்ரோடுக்கும் வேலைப்பொருளுக்கும் இடையே ஆர்க் பிடித்ததும், காற்று அதை அந்தச் சின்னத் துளை வழியே நெருக்கிக்கொண்டு வெளியே தள்ளும். நெருக்கப்பட்ட ஆர்க்கின் நடுவே வெப்பம் பல்லாயிரம் டிகிரி. இரும்பு 1,538 டிகிரியில் உருகிவிடும். யூனியன் கார்பைடில் பணியாற்றிய ராபர்ட் கேஜ் 1957-இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு லோயர் கேம்ப்பில் பெரியாறு நீர்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கும் அந்த இராட்சதக் குழாய்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு, நம் மின்நிலையமும் இந்தத் தொழில்நுட்பமும் ஏறக்குறைய ஒரே வயது என்பது பிடித்த செய்தியாக இருக்கும். ஆரம்பத்தில் ஆர்கான், ஹைட்ரஜன் என்று விலையுயர்ந்த வாயுக்கள் தேவைப்பட்டன. பிறகு சாதாரணக் காற்றே போதும் என்று ஆனது. சின்னப் பட்டறைக்குள் பிளாஸ்மா வந்தது அதனால்தான்.

சாதாரணக் காற்று என்கிறோம், சிக்கலும் அதில்தான் இருக்கிறது.

அண்ணன் இயந்திரம் வாங்கிய புதிதில் என்னை அழைத்தது குறை சொல்லத்தான். "நல்லாத்தான் வெட்டுது தம்பி, ஆனா நாசிலு நிக்க மாட்டேங்குது. காலையில போட்டா சாயங்காலம் ஓட்டை கோணிப் போகுது" என்றார். நாசிலைக் கழற்றிப் பார்த்தால் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவம். எலக்ட்ரோடு நுனியைச் சுற்றிக் கறுத்த படிவு. கம்ப்ரஸர் டாங்கின் அடித் திருகைத் திறந்தபோது துருப்பிடித்த தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

இந்தப் பள்ளத்தாக்கில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஆனி, ஆடியில் குமுளிக் கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் மழை. கணக்கைப் பாருங்கள். 40 ஆம்பியர் டார்ச் நிமிடத்துக்குச் சுமார் 180 லிட்டர் காற்று குடிக்கும். மணிக்கு 10.8 கன மீட்டர். 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 70 சதவீதம் உள்ள நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். ஆக மணிக்கு ஏறக்குறைய 225 கிராம், கிட்டத்தட்ட கால் லிட்டர் தண்ணீரைக் கம்ப்ரஸர் உள்ளே இழுக்கிறது. 7 பார் அழுத்தத்துக்கு நெருக்கி, 35 டிகிரிக்கு ஆறவிட்டால் அந்தக் காற்றால் 55 கிராம் அளவுக்குத்தான் ஆவியாக வைத்திருக்க முடியும். மீதி முழுவதும் தண்ணீராகிவிடும். டாங்கில் ஆறினால் டாங்கில் தங்கும். ஆற நேரமில்லாமல் சூடாகவே வெளியே போனால் ஹோஸில் ஆறி, டார்ச்சுக்குள் போய்ச் சேரும்.

அங்கே அது ஆர்க்கின் நடுவே வெடித்துச் சிதறுகிறது. காற்றின் சுழற்சி குலைகிறது, ஆர்க் நேராக வேலைப்பொருளுக்குப் போகாமல் நாசில் சுவரைத் தொட்டுவிட்டுப் போகிறது, துளை ஒரு பக்கம் அரிக்கிறது. பழைய பிஸ்டன் கம்ப்ரஸர் என்றால் ரிங் தேய்ந்து எண்ணெயும் காற்றோடு வரும். எண்ணெய் எரிந்து கரியாகும். கரி மின்சாரம் கடத்தும் பொருள். டார்ச்சுக்குள் தப்பான வழியில் கரண்ட் போக அது பாதை போட்டுக் கொடுக்கும். "மிஷினக் குத்தம் சொல்லி என்ன தம்பி செய்ய, தண்ணியக் குடிச்சிட்டு அது எப்படி வெட்டும்" என்று அண்ணனே பிறகு சொன்னார்.

சரிசெய்ய வழி பெரிதாக ஒன்றுமில்லை. கம்ப்ரஸரை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் நிழலான, காற்றோட்டமுள்ள ஓரத்துக்குத் தள்ளினோம். அங்கிருந்து ஜிஐ பைப்பை லேசான சரிவாக இழுத்து, கடைசியில் கீழ்நோக்கி ஒரு முழத் துண்டு விட்டு அதன் அடியில் வடிகால் வால்வு வைத்தோம். டார்ச்சுக்கான கிளையைப் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுக்கவேண்டும். அடிப்பக்கத்திலிருந்து எடுத்தால் ஓடிவரும் தண்ணீர் முழுவதும் அதில்தான் இறங்கும். பைப்பில் நடந்து வரும்போதே காற்று ஆறி, பெரும்பகுதித் தண்ணீரை விட்டுவிடுகிறது. பிறகு தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், அடுத்து எண்ணெய்த் துளியைப் பிடிக்கும் நுண் ஃபில்டர், கடைசியில் சிலிக்கா ஜெல் குடுவை. நீலமாக இருக்கும் ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள். அடுப்பில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த நீல நிறத்துக்குச் சேர்க்கும் கோபால்ட் உப்பு உடம்புக்கு ஆகாது. சமையல் பாத்திரத்தில் வறுக்கவே கூடாது. ஆரஞ்சு நிறத்தில் வரும் ஜெல்லில் கோபால்ட் இல்லை, கிடைத்தால் அதையே வாங்குங்கள். நாள் முழுவதும் பிளாஸ்மா ஓடும் பட்டறை என்றால் ஜெல் தாங்காது. குளிர்விக்கும் ஏர் டிரையர் வாங்கிவிடுவது நல்லது.

கம்ப்ரஸரின் அளவிலும் ஏமாறவேண்டாம். தகட்டில் எழுதியிருக்கும் சி.எஃப்.எம். பெரும்பாலும் பிஸ்டன் நகரும் கொள்ளளவு. உண்மையில் வெளியே வருவது அதைவிடக் கணிசமாகக் குறைவு. டார்ச்சுக்கு 6 முதல் 7 சி.எஃப்.எம். தொடர்ந்து வேண்டும். பஞ்சர் கடையில் வைத்திருக்கும் 1 எச்.பி. கம்ப்ரஸர் இதற்குப் போதாது, 3 எச்.பி. என்றால் மூச்சு வாங்காமல் ஓடும். அழுத்தத்தை டார்ச் திறந்து காற்று பாயும்போது பார்த்து 4.5 முதல் 5 பாருக்கு வையுங்கள். நின்ற நிலையில் 5 காட்டும் முள், ஓடும்போது மூன்றரைக்கு விழுவதை நானே பார்த்தேன். காற்று குறைந்தால் எலக்ட்ரோடும் நாசிலும் ஆறாது. வெட்டும் வேலையைப் போலவே குளிர்விக்கும் வேலையும் அந்தக் காற்றுடையதுதான்.

எலக்ட்ரோடைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்கலாம். தாமிரக் கட்டையின் நுனியில் மிளகைவிடச் சின்னதாக ஒரு சாம்பல் புள்ளி தெரியும். அது ஹாஃப்னியம். டிக் வெல்டிங்கில் போடும் டங்ஸ்டன் காற்றில் நொடியில் எரிந்துபோகும் என்பதால் காற்றுப் பிளாஸ்மாவுக்கு இந்த உலோகத்தைத் தேர்ந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்கான் தாதுவில் சிர்கோனியத்தோடு ஒட்டிப் பிறந்ததுபோல் ஹாஃப்னியமும் இருக்கும். அணு உலைக்குச் சிர்கோனியம் வேண்டுமென்றால் அதைப் பிரித்து நீக்கியாக வேண்டும், ஏனென்றால் அது நியூட்ரான்களை விழுங்கிவிடும். உலைக்கு ஆகாத அந்த உலோகம்தான் நம் டார்ச்சின் நெற்றிப்பொட்டு.

ஒவ்வொரு முறை ஆர்க் பிடிக்கும்போதும் விடும்போதும் அதில் ஒரு துளி தெறித்துப் போகிறது. எத்தனை நிமிடம் வெட்டினோம் என்பதைவிட எத்தனை முறை டிரிக்கரை அழுத்தினோம் என்பதே அதன் ஆயுள். "டிக் டிக்" என்று விளையாட்டாக ஆர்க் விட்டுப் பார்க்கும் பழக்கத்தை உதவியாளர்களிடம் முதல் நாளே நிறுத்திவிடுங்கள். புள்ளியில் விழும் குழி 1.6 மி.மீ. ஆழம் வந்ததும் எலக்ட்ரோடை மாற்றவேண்டும். அதற்கு மேலும் ஓட்டினால் ஹாஃப்னியம் தீர்ந்து தாமிரம் எரியத் தொடங்கும், ஆர்க்கில் பச்சை நிறம் மின்னும். அந்தப் பச்சையைக் கண்டதும் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு வெட்டு என்று இழுத்தால் டார்ச் தலையே போய்விடும். எலக்ட்ரோடின் விலை எங்கே, டார்ச்சின் விலை எங்கே?

வெட்டி முடித்த பின்னும் டார்ச்சிலிருந்து சில நொடிகள் காற்று வந்துகொண்டிருக்கும். அது நின்ற பிறகே மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும்.

இனி கரண்ட். 40 ஆம்பியர் என்பது டார்ச்சில் போகும் மின்னோட்டம். அப்போது ஆர்க்கின் வோல்டேஜ் 96 என்று இயந்திரத் தகட்டிலேயே இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 3,840 வாட். இயந்திரத்தில் வீணாவதையும் சேர்த்தால் நான்கரை கிலோவாட்டைத் தொடும். 230 வோல்ட் முழுதாக வந்தாலே சுவரிலிருந்து 20 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். பவர் ஃபேக்டர் சுமாரான இயந்திரம் என்றால் 25-ஐத் தாண்டும். வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகுவது பிளக்கை அடுப்பில் வைப்பதற்குச் சமம். 32 ஆம்பியர் எம்சிபி, தொழிற்சாலை வகை 32 ஆம்பியர் சாக்கெட், குறைந்தது 4 சதுர மி.மீ. தாமிர ஒயர், மீட்டரிலிருந்து பட்டறை தூரம் என்றால் 6 சதுர மி.மீ. சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் சுருளுக்குள் சூடு ஏறி உறை உருகும். முழுவதும் விரித்துப் போடுங்கள்.

கம்ப்ரஸருக்குத் தனிச் சர்க்யூட் வேண்டும். இரண்டும் ஒரே பேஸில் இருந்தால், வெட்டிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகி வோல்டேஜை இழுத்துவிடும், ஆர்க் துடிக்கும். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் லைன் கடைசியில் இருக்கும் பட்டறைக்கு 190 வோல்ட்தான் வருகிறது என்றால், பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் பொறுத்துக்கொள்ளும் 15 சதவீத எல்லையையே தாண்டிவிட்டது. நாள் முழுவதும் மல்டிமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். லோடை மின்வாரியத்தில் முறையாகக் கூட்டிக்கொள்ளவேண்டும். தோட்டத்து இலவச மின் இணைப்பிலிருந்து இழுத்து ஓட்டுவது 2003 மின்சாரச் சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் கேட்க நாதியும் இருக்காது.

எர்த் விஷயத்தில்தான் நம் பக்கம் அலட்சியம் அதிகம். குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பைப் இறக்கி, 5 ஓமுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று நினைக்கிறோம். இன்னொரு கணக்கு போடுவோம். லைன் கம்பி இயந்திரத்தின் பாடியில் பட்டுவிட்டது. 230 வோல்ட்டை 5 ஓமால் வகுத்தால் 46 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்சிபி 46 ஆம்பியருக்கு உடனே விழாது, ஒரு மணி நேரம்கூட விழாமல் நிற்கலாம். அவ்வளவு நேரமும் பாடியில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் நிற்கும். அதனால் எர்த்தோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். இன்வெர்ட்டருக்கு 'ஏ' டைப் கேட்டு வாங்குங்கள். கசிவு வந்த கணமே அது துண்டிக்கும். அடிக்கடி விழுகிறதே என்று அதை பைபாஸ் செய்துவிட்டு வேலை பார்க்கும் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன், வயிறு கலங்குகிறது. அது விழுந்தால் எங்கோ ஈரம், எங்கோ உறை கிழிந்த ஒயர். அதைத் தேடுங்கள். மலையடிவாரப் பாறை நிலத்தில் கோடையில் குழி காய்ந்து ஓம் ஏறிவிடும். எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பங்குனி, சித்திரையில் அளந்து பார்ப்பது நல்லது.

இந்த எர்த் வேறு, வேலைப்பொருளில் மாட்டும் எர்த் கிளாம்ப் வேறு. கிளாம்பைப் பெயின்ட், துரு சுரண்டிய வெள்ளை இரும்பில், வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டவேண்டும். மேசைக் காலிலோ ஷெட் தூணிலோ மாட்டிவிட்டு வெட்டினால் கரண்ட் தனக்குத் தோன்றிய வழியில் திரும்பி வரும். டிராக்டரில் வேலை என்றால் இன்னும் கவனம்: சக்கரத்துக்கு இந்தப் பக்கம் கிளாம்ப், அந்தப் பக்கம் வெட்டு என்றால் பேரிங் வழியாகக் கரண்ட் பாய்ந்து குண்டுகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டே தொடங்குங்கள்.

டார்ச்சில் ஆர்க் இல்லாத நேரத்தில் 200 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும். சாதா வெல்டிங் செட்டில் 60, 80 வோல்ட்டைத் தொட்டுப் பழகிய கை இதை லேசாக எடுத்துக்கொள்ளும், அதுதான் பயம். நாசில் மாற்றும்போது சுவிட்சை அணையுங்கள், ஒவ்வொரு முறையும். வியர்வையில் நனைந்த கையுறை, ரப்பர் செருப்பு, பாலியெஸ்டர் சட்டை மூன்றும் பட்டறைக்கு வெளியே இருக்கட்டும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களை ஓட்டத்தின்போது அருகில் விடாதீர்கள்.

கண்ணுக்கு 40 ஆம்பியரில் குறைந்தது 5 அல்லது 6-ஆம் எண் கண்ணாடி வேண்டும். வெல்டிங்குக்கு வைத்திருக்கும் 11-ஆம் எண்ணைப் போட்டால் கோடு தெரியாது, தெரியவில்லை என்று முகமூடியைத் தூக்கிவிட்டு வெட்டுவார்கள். கூலிங் கிளாஸ் எதற்கும் ஆகாது. ஆர்க் அடித்த கண் அப்போதைக்கு ஒன்றும் சொல்லாது. இரவில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். உருளைக்கிழங்கு வைப்பது, தாய்ப்பால் விடுவது, மெடிக்கலில் மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கித் தொடர்ந்து விடுவது எதுவும் வேண்டாம். கடைசியாகச் சொன்னது கருவிழியையே கெடுக்கும். தேனியில் 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, காலையில் பஸ் ஏறிவிடுங்கள்.

புகை கண்ணுக்குத் தெரியாததால் அதை யாரும் மதிப்பதில்லை. 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதியான முதல் வகுப்பில் சேர்த்தது. எஸ்எஸ் வெட்டும்போது வரும் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும், அதுவும் அதே வகுப்பு. ஜிஐ ஷீட் வெட்டினால் துத்தநாகப் புகை. அன்று இரவு குளிர்காய்ச்சல் வந்து மறுநாள் போய்விடும், மழையில் நனைந்ததால் என்று நினைத்துக்கொள்வோம். பால் குடித்தால் அது வராது என்பது உண்மையல்ல. பக்கவாட்டில் ஒரு ஃபேன் வைத்து முகத்துக்குக் குறுக்கே காற்று ஓடவிடுங்கள், என்95 மாஸ்க் போடுங்கள். கைக்குட்டை கட்டுவது தூசியைக்கூடத் தடுக்காது.

அடுத்துச் சொல்வதை இந்தப் பள்ளத்தாக்கில் உரக்கச் சொல்லவேண்டியிருக்கிறது. மருந்து கலக்கவும், மாட்டுத் தொட்டிக்கும் என்று 200 லிட்டர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்து "ரெண்டாப் பொளந்து குடுங்கண்ணே" என்று கேட்காத வாரமே பட்டறையில் கிடையாது. டீசலோ, தின்னரோ, பூச்சிமருந்தோ இருந்த டிரம்மில் பிளாஸ்மா வைக்காதீர்கள். காலியான டிரம்தான் நிறைந்ததைவிட ஆபத்து; உள்ளே மிச்சமிருக்கும் ஆவியும் காற்றும் கலந்து, முதல் பொறியில் மூடி ஆளைத் தூக்கி எறியும். பூச்சிமருந்து மிச்சம் சூட்டில் என்ன நச்சாக மாறும் என்பதை யாரும் மூக்கை வைத்துச் சோதிக்கவேண்டாம். கழுவிட்டேன் என்று சொன்னாலும் முடியாது என்று திருப்பி அனுப்புங்கள். சொந்தக்காரர் வருத்தப்பட்டாலும் சரி. அதேபோல் குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இரும்பைக் காயாமல் வெட்டக்கூடாது. ஆர்க்கின் கதிர் பட்டு ஃபாஸ்ஜீன் என்ற கொடிய வாயு உண்டாகும்.

பொறி நேராகக் கீழே விழும் என்று கணக்கு போடமுடியாது. ஆடிக்காற்றில் வைக்கோல் படப்பு வரை பறக்கும். சுற்றிலும் 11 மீட்டருக்கு எரியும் பொருள் இருக்கக்கூடாது என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி. தென்னங்கீற்றுக் கொட்டகைக்கு அடியில் பட்டறை வைத்திருப்பவர் இயந்திரத்துக்கு முன்னால் கூரையை மாற்றவேண்டும். மணல் வாளி, தீயணைப்பான் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில். வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் யாராவது ஒருவர் அங்கே இருக்கட்டும்.

பராமரிப்பு என்று தனியாகப் பெரிய வேலை இல்லை. காலையில் டாங்க் வடிப்பது, ஃபில்டர் குடுவையைப் பார்ப்பது, டார்ச் தலையைத் திறந்து எலக்ட்ரோடும் நாசிலும் சரியா என்று பார்ப்பது. இன்வெர்ட்டரின் முதல் எதிரி கிரைண்டர் தூசி. ஃபேன் அதை உள்ளே இழுத்து சர்க்யூட் போர்டில் படியவைக்கும், இரும்புத்தூள் என்பதால் ஷார்ட் ஆகும். கிரைண்டர் மேசையிலிருந்து தள்ளி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இயந்திரத்தை வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து, மூடியைத் திறந்து காய்ந்த காற்றால் மெல்ல ஊதலாம். காத்திருப்பது கப்பாசிட்டருக்காக, பிளக் வெளியே இருந்தாலும் அதற்குள் 300 வோல்ட் இருக்கும். கேரண்டி காலத்தில் மூடியைத் திறப்பதை சர்வீஸ் ஆளிடம் விட்டுவிடுங்கள். தகட்டில் உள்ள 60 சதவீத டியூட்டி சைக்கிளையும் நம்புங்கள்: பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வெட்டு, நான்கு நிமிடம் ஓய்வு. அந்தக் கணக்கு 40 டிகிரிக்கு. சித்திரை மதியம் தகர ஷெட்டுக்குள் அதைவிடச் சூடு என்பதால் ஓய்வைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டும் கைக்கு ஒரு குறிப்பு. பொறி எந்தப் பக்கம் விழுகிறது என்று தகட்டின் அடியைப் பாருங்கள். சற்றே பின்சாய்ந்து விழுந்தால் வேகம் சரி. பொறி மேலே கிளம்பினால் வெட்டு ஊடுருவவில்லை, நாசில் அடைபடும். அடியில் கசடு கொத்தாகத் தொங்கித் தட்டினால் உதிர்ந்தால் கை மெதுவாகப் போயிருக்கிறது. மெல்லிய கோடாகக் கெட்டித்துப் பிடித்தால் வேகம் அதிகம். இதைப் புத்தகமில்லாமல் கையே கற்றுக்கொள்ளும். முறையாகப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு, பெல் நிறுவனம் 1975-இல் திருச்சியில் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இயந்திரத்தில் எனக்குப் பிடிக்காதது டார்ச். இதில் பைலட் ஆர்க் கிடையாது. நாசிலைத் தகட்டில் தொட்டுத்தான் தொடங்க வேண்டும். பெயின்ட் அடித்த பழைய கேட்டிலும் துருப்பிடித்த டிரெய்லரிலும் அது பிடிக்க மறுக்கிறது, வலைக்கம்பியில் ஒவ்வொரு இடைவெளிக்கும் அணைகிறது. தொடங்கும்போது வரும் உயர் அதிர்வெண் பொறி பக்கத்தில் இருந்த சிசிடிவி திரையைக் கலங்கடித்தது. காற்றழுத்தத்தால் எலக்ட்ரோடு பின்வாங்கிப் பைலட் ஆர்க் பிடிக்கும் வகையில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. விலை கூடுதல்தான். பழைய இரும்பே அதிகம் வரும் கூடலூர்ப் பட்டறைக்கு அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

வாரத்துக்கு நாலைந்து தகடு வெட்டுகிறவர் இதை வாங்கவேண்டாம், கிரைண்டரும் கேஸ் செட்டும் போதும். எஸ்எஸ் வேலையும் வளைவு வேலையும் தினம் இருப்பவர் வாங்கலாம். இயந்திரத்துக்குப் போடும் பணத்தில் குறைந்தது பாதியைக் காற்றுக்கும் எர்த்துக்கும் ஒயருக்கும் ஒதுக்கிவைத்துக்கொண்டு வாங்கலாம். வாங்கும்போதே டார்ச்சின் மாடல் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கான எலக்ட்ரோடு, நாசில், சுழல் வளையம் தேனியிலோ மதுரையிலோ கடையில் கிடைக்கிறதா என்று போன் போட்டு விசாரித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.